கட்டம் போட்ட தாளில் ஒரு பாதாளம்

அலங்காநல்லூர் வாடிவாசல் தை மாதம் திறக்கும். மற்ற நாள்களில் பிள்ளைகளின் களம் கைப்பேசிதான். அதில் அவர்கள் ஆடும் ஆட்டங்களில் தமிழ் மண்ணின் கதை எங்கே?

வழிகாட்ட ஒரு பழைய ஆட்டம் இருக்கிறது. 1981-இல் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்கள் ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் வுட்ஹெட்டும் ஆப்பிள் 2 கணினிக்காக ‘விசார்ட்ரி’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். பத்து அடுக்குப் பாதாளம், அடுக்குக்கு 20-க்கு 20 கட்டம், ஆறு பேர் குழு. வழியை ஆடுபவரே தாளில் வரைந்துகொள்ள வேண்டும். செத்த வீரனுக்காகக் கோயிலில் காசு கட்டினாலும் சிலசமயம் சாம்பல்தான் மிஞ்சும். அந்தப் பதைப்புதான் ருசி!

மதுரைக்குப் பாதாளம் புதிதா? அருகிலுள்ள மாங்குளம் குகைகளில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. எழுத்தைப் படித்தால்தான் அடுத்த கதவு திறக்கும் என்று ஓர் ஆட்டம் அமைக்கலாமே.

தமிழ்க் கதை ஆட்டமாக எடுபடும் என்பதற்குச் சான்றும் உண்டு: கனடாவில் உருவான ‘வெண்பா’ தமிழ்ச் சமையலை ஆட்டமாக்கி, 2024-இல் பாஃப்டா விருது வென்றது. மதுரைக் கல்லூரிகளின் கணினித் துறைகள் மாங்குளம் ஆட்டத்தை உருவாக்கும் வேலையை இறுதியாண்டு மாணவர்களிடம் இந்த ஆண்டே ஒப்படைக்க வேண்டும்.