தடுப்பூசிப் பெட்டிக்கும் காய்ச்சல் பாருங்கள்!

தாராபுரத்தில் சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். அமராவதி மணலில் கால் வைக்க முடியாது. அந்த வெயிலிலும் குண்டடம், மூலனூர் பக்கத்துக் கிராமங்களில் கைக்குழந்தைகளுக்கு ஊசி போட்டாக வேண்டும். ஐஸ் பெட்டியில்தான் மருந்து போகிறது.

இந்த மருந்து 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் வீரியம் போச்சு! குளிர் மிஞ்சினாலும் ஆபத்துதான். தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி உள்பட 5 நோய்களைத் தடுக்கும் 'பென்டாவேலன்ட்' மருந்து ஒரு தடவை உறைந்தால் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

கெட்ட பால் திரிந்து காட்டிக்கொடுக்கும். கெட்ட மருந்து அப்படி அல்ல. ஊசி போடுவார்கள், குழந்தை வீறிட்டு அழும், அட்டையில் தேதி எழுதுவார்கள். பாதுகாப்பு மட்டும் இருக்காது!

அலறும் கருவி

இதற்காகத்தான் 2015-ல் மத்திய அரசு 'ஈ-வின்' திட்டத்தைத் தொடங்கியது. ஐ.நா. வளர்ச்சித் திட்ட அமைப்பு கைகொடுத்தது. மருந்து வைக்கும் குளிர்பெட்டியில் சிம் கார்டு போட்ட சின்னக் கருவி. 10 நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பத்தைக் குறிக்கும். 60 நிமிடத்துக்கு ஒரு தடவை கணினிக்கு அனுப்பும். அளவு மீறினால் அலறும். பொறுப்பாளர் செல்போனுக்குத் தகவல் பறக்கும். கொரோனா காலத்து 'கோவின்' கூட இதன் மேல் கட்டப்பட்டதுதான்.

நல்ல ஏற்பாடு. ஆனால் கருவி குளிர்பெட்டியோடு நின்றுவிடுகிறது. மருந்து கிளம்பிய பிறகு வழியில் யார் காவல்?

போலியோ மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் சதுரமும் உண்டு. சூடு பட்டால் சதுரம் கறுக்கும். ஆனால் உறைந்த மருந்தை அது சொல்லாது. ஐஸ் கட்டியைக் கொஞ்சம் இளகவிட்டு, ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்ட பிறகே பெட்டியில் அடுக்க வேண்டும் என்பது விதி. காலை அவசரத்தில் அதை மறந்தால் கேட்பார் யார்?

வெளிநாட்டுக்குப் போகும் மருந்துச் சரக்கில் வெப்பம் குறிக்கும் கருவியும் கூடவே பயணம் போகிறது. நம்ம ஊர்க் குழந்தை மட்டும் இளப்பமா?

என்ன செய்யலாம்?

கிராமத்துக்குப் போகும் ஒவ்வொரு பெட்டியிலும் வெப்பம் குறிக்கும் கருவி வைக்க வேண்டும். நர்சம்மா தலையில் பழி போடுவதற்கு அல்ல; அவருக்குத் துணையாக. நள்ளிரவு 2 மணிக்குக் கருவி அலறினால் எழுந்து ஓட வேண்டியவர் பெயரைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். கருவி கத்தினால் போதாது. ஆள் எழ வேண்டும்!

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. "ஊசி போட்டா காய்ச்சல் வருமுங்களா?" என்று கேட்கிறீர்கள். "மருந்து ஜில்லுனு வந்துச்சுங்களா?" என்றும் கேளுங்கள். இன்சுலின் வாங்குகிறவர்களும் கடையில் இதைக் கேட்கலாம், தப்பில்லை.

குழந்தையின் உடம்புச் சூட்டைத் தொட்டுப் பார்க்கிறோம். அதைக் காக்கிற மருந்தின் சூட்டையும் பார்க்க வேண்டாமா? திருப்பூர் மாவட்ட அதிகாரிகள் அடுத்த கோடைக்குள் பதில் சொல்வார்களா?