பொலிஸ் அறிக்கை இல்லையேல் வழக்கும் இல்லையோ?

திருகோணமலையிலிருந்து கந்தளாய் நோக்கிச் செல்லும் பெருவீதியில், பொழுது சாயும் வேளையில், ஒரு நாழிகை நின்று பார்ப்பவர்க்கு நாம் சொல்லப் புகுவது எளிதில் விளங்கும். சீனக்குடாவின் மா ஆலையிலிருந்தும் சீமெந்து ஆலையிலிருந்தும் எண்ணெய்க் குதங்களிலிருந்தும் புறப்பட்ட பார வண்டிகள் ஒருபால். தம்பலகாமத்து வயலிலிருந்து நெல்மூட்டை ஏற்றி வரும் உழவு இயந்திரம் மற்றொருபால். இடையே முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் பட்டிக்குத் திரும்பும் மாடுகளும். நகருக்குள் வந்தாலோ புள்ளிமான்களும் வீதியைக் கடக்கும். இத்தனையும் ஒரே வீதியில் இயங்கும்போது மோதல் நிகழ்வது வியப்பன்று. மோதிய பின் நிகழ்வதே நம்மை வியப்பிலும் வேதனையிலும் ஆழ்த்துகின்றது.

இரு சாரதிகளும் இறங்குகின்றனர். கூட்டம் கூடுகின்றது. பெரிய வண்டிக்காரர் பணிவாகப் பேசுகின்றார்: "பொலிசுக்குப் போனால் இரண்டு பேருக்கும் நாள் வீண், அண்ணன். வண்டியையும் மறித்து வைப்பார்கள். நாங்களே பேசித் தீர்ப்போம்." தொலைபேசி இலக்கம் கைமாறுகின்றது. கூட்டம் கலைகின்றது. பத்து நாள் கழித்து அந்த இலக்கத்தை அழைத்தால் குரல் மாறிவிடுகின்றது. "நீங்கள்தானே விளக்கில்லாமல் வந்தீர்கள்? பொலிசில் பதிவு இருந்தால் காட்டுங்கள்!"

அண்மையில் இப்படிப்பட்ட ஒரு கமக்காரர் நம்மிடம் வந்தார். உழவு இயந்திரத்தின் பெட்டி நொறுங்கிவிட்டது, நெல் வீதியிற் கொட்டிப் போயிற்று, கையிலும் முறிவு. மூன்று அலுவலகங்களில் ஏறி இறங்கி, மூன்றிலும் ஒரே விடையைப் பெற்று வந்திருந்தார். "பொலிசிலே எழுதாதபடியால் எனக்கு வழக்கே இல்லையாம், ஐயா." படித்த உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் இதே கூற்றைச் சட்டமென்று நம்பி நம்மிடம் ஒப்புவித்ததுண்டு. இது சட்டமன்று. மெலியவனை வாயடைக்க வலியவன் கண்டுபிடித்த வாசகம்.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்துகின்றோம். பொலிசுக்குப் போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. விபத்தில் எவரேனும் காயப்பட்டால் வண்டியை நிறுத்தி, உதவி புரிந்து, பொலிசுக்கு அறிவிப்பது 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சாரதிமேல் சுமத்தும் கடமை. அக்கடமையைத் தட்டிக்கழிக்கும்படி நயந்து கேட்டவரே, பின்னர் "பதிவு எங்கே?" என்று கேட்பது எவ்வகை நேர்மை? நாம் கேட்பது அடுத்த கேள்வி. பதிவு இல்லாமற் போய்விட்டது, இனி என்ன?

விடை காண ஈராயிரம் ஆண்டு பின்னே செல்ல வேண்டும். உரோமாபுரியின் கப்பிற்றோல் குன்றின் மேட்டில் பாரமேற்றிய இரண்டு கோவேறு கழுதை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் ஏறின. முன்வண்டியைப் பின்னிருந்து தாங்கி வந்த வண்டிக்காரர் விலகிப் பாய்ந்தனர். அது பின்னோக்கிச் சரிந்து பின்வண்டியை மோத, பின்வண்டி உருண்டு ஓர் அடிமைச் சிறுவனை நசுக்கியது. சிறுவனின் உடையவன் யார்மேல் வழக்கிடுவது? அல்பீனசு என்னும் சட்ட அறிஞர் சொன்ன விடை, பிற்காலத்தில் யுஸ்தினியப் பேரரசர் தொகுப்பித்த சட்டத் திரட்டிலே இன்றும் உள்ளது. தாங்கி நின்றோர் தாமாகவே கைவிட்டனரா? அப்படியாயின் பொறுப்பு அவர்களுடையது. விலங்குகள் எதையோ கண்டு மிரள, நசுங்கிச் சாவோம் என்றஞ்சி விலகினரா? அப்படியாயின் விலங்குகளின் உடையவன்மேல் வழக்கு. எது நடந்தது, ஏன் நடந்தது என்பதைப் பொறுத்தே குற்றம் யாருடையது என்பது அமையும் என்றார் அவர். யார் எங்கே போய் எழுதி வைத்தார் என்பது அங்கே கேள்வியாகவே எழவில்லை.

உரோமாபுரிக் கதை நமக்கெதற்கு என்பர் சிலர். கோணேசர் மலையடியிலுள்ள கோட்டையில் ஒல்லாந்தர் கொடி 1795 இல் இறங்கியது. அவர்தம் சட்டமோ இறங்கவில்லை. பிரித்தானியர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதனைத் தொடரவிட்டனர். கவனயீனத்தால் விளைந்த நட்டத்திற்கு ஈடு கோரும் வழக்கு இலங்கையில் இன்றும் அந்த உரோம ஒல்லாந்துச் சட்டத்தின்படியே நடக்கின்றது. அஃதாவது, இவ்வழக்கு பொலிஸ் என்னும் அமைப்புக்கு மிக மூத்தது. இலண்டன் மாநகரப் பொலிஸ் படையே 1829 இல்தான் தோன்றியது.

குடியியல் நீதிமன்றம் கேட்பது சான்று. அதுவும் ஐயந்திரிபற நிறுவும் சான்றன்று; அந்த அளவு குற்றவியல் வழக்குக்கே உரியது. இருவர் கூற்றையும் தராசில் இட்டால் எது சற்றே தாழ்கின்றது என்பதே இங்கு வினா. பொலிஸ் உத்தியோகத்தர் அளந்து வரைந்த படம் நல்ல சான்றுதான், மறுக்கவில்லை. ஆயினும் மோதலை அவர் கண்ணாற் கண்டவரல்லர்; யார் பிழை என்று அவர் கொண்ட கருத்து நீதிபதியைக் கட்டுப்படுத்தாது. ஆகவே பதிவு உள்ளவன் வென்றவனுமல்லன். பதிவு இல்லாதவன் தோற்றவனுமல்லன்.

நமது கமக்காரரிடம் என்ன இருந்தது? அவர் மகன் கைத்தொலைபேசியில் எடுத்த நான்கு படங்கள் இருந்தன. வண்டிகளை அகற்றுமுன் எடுத்தவை என்பதே அவற்றின் பெறுமதி. தடுப்புக் கோடு வீதியின் எப்பக்கத்தில் தொடங்குகின்றது, உடைந்த கண்ணாடி எங்கே சிதறியது, சில்லு மறைப்பின் அடியிலிருந்து உலர்ந்த சேறு எவ்விடத்தில் உதிர்ந்தது என்பன அப்படங்களில் தெரிந்தன. மோதிய கணத்தில் சேறு பெரும்பாலும் மோதிய இடத்திலேயே விழும். எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசினாலும் அதை இடம் மாற்ற இயலாது. பெட்டியின் பின்புறம் நசுங்கியிருக்க, "எதிரே வந்து மோதினார்" என்று எப்படிச் சொல்வது? வைத்தியசாலை அனுமதிச் சீட்டில் நாளும் நேரமும் இருந்தன. எதிரே தேநீர்க் கடை. அதன் வாசலிற் கண்காணிப்புக் கமரா. ஆனால் நாம் போய்க் கேட்டபோது அந்தப் பதிவு அழிந்துவிட்டது. சில நாளில் மேலெழுதிக் கொள்ளும் கருவி அது. வீதியோரத்துத் தச்சர் ஒருவர் கண்டதைச் சொல்ல முன்வந்தார். பொலிசுக்குப் பிந்திப் போனாலும் முறைப்பாட்டை எழுதிக்கொள்ளும்படி கேட்கலாம். ஏன் பிந்தினோம் என்பதற்கு உண்மையான காரணம் வேண்டும், அவ்வளவே.

விளக்கில்லாமல் வந்தார் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். அது ஓரளவு மெய்யாகவே இருக்கட்டும். இங்கிலாந்தில் 1842 இல் ஒருவன் தன் கழுதையின் முன்னங்காலைப் பிணைத்து வீதியில் மேயவிட்டான். விரைந்து வந்த குதிரை வண்டி அதை நசுக்கிக் கொன்றது. கட்டி விட்டது பிழையெனினும், சற்றுக் கவனித்து ஓட்டியிருந்தால் வண்டிக்காரன் தவிர்த்திருக்கலாம் என்று கூறி நீதிமன்றம் கழுதைக்காரனுக்கே ஈடு வழங்கியது. மாட்டை இழந்த நம் பட்டிக்காரர்கள் இதனை நினைவிற் கொள்க. இலங்கையில் 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் இன்னும் நேரிய வழி காட்டுகின்றது. இருவர்மீதும் பிழையிருப்பின் நீதிமன்றம் பங்கு பிரித்து, உரிமைகோருபவரின் பங்களவுக்கு ஈட்டைக் குறைக்கும், முற்றாக மறுக்காது. "உன்னிலும் பிழை இருக்கிறது, ஆகவே உனக்கு ஒன்றுமில்லை" என்பவர் செல்லாக்காசு நீட்டுகின்றார்.

இனி மொழி. காப்புறுதிக் கம்பனியின் ஆள் வீதிக்கே வந்து, படமெடுத்து, தாள் நிரப்பிக் கையொப்பம் கேட்கின்றார். தாள் தமிழில் இல்லை. நிரப்பியதும் தமிழில் இல்லை. நமது கமக்காரரும் ஒப்பமிட்டிருந்தார். இரவல் வாங்கி வாசித்தபோதே, திரும்பும் சைகை காட்டவில்லை என்று தாமே ஒப்புக்கொண்டதாக அதில் எழுதப்பட்டிருந்தது அவருக்குத் தெரிய வந்தது. அவர் திரும்பவே இல்லை, நேரே போய்க்கொண்டிருந்தவர்! 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்திற்கு எதிராக நம் முன்னோர் போராடியபோது, மொழியுரிமை வயிற்றை நிரப்புமா என்று ஏளனம் செய்தோர் உண்டு. நொறுங்கிய பெட்டியின் விலை இந்த ஒரு வரியில் தங்கியிருப்பதை அவர்கள் காணட்டும். 1987 இல் தமிழும் அரசகரும மொழியாயிற்று. 1988 ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் வடக்கு கிழக்கில் தமிழை நிருவாக மொழியும் நீதிமன்ற மொழியும் ஆக்கியது. பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்பது சலுகையன்று. கம்பனித் தாளையோ, விளங்காவிடின் ஒப்பமிட வேண்டா. "வாசித்து விளங்கப்படுத்தப்படவில்லை" என்று தமிழில் எழுதி அதன்கீழ் ஒப்பமிடுக. முழுத் தீர்வு என்று எழுதிய பற்றுச்சீட்டுக்குச் சிறுதொகை வாங்குவதும் அதே படுகுழி.

மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டுமே உள்ளவருக்குத் தம் வண்டியைத் திருத்தத் தம் கம்பனி ஒரு சதமும் தராது. எதிர்த்தரப்பின் பிழையை நாட்டியே பெற வேண்டும். சாரதியை மட்டுமன்றி, தொழிலின்போது ஓட்டினாராயின் அவரது முதலாளியையும் பொறுப்பாக்கலாம். சிறு தொகையாயின் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மத்தியஸ்த சபை உண்டு. அங்கே சட்டத்தரணிகள் தோன்ற இடமில்லை. எம் தொழிலுக்கு நட்டமெனினும் அதனை மனமாரப் பரிந்துரைக்கின்றோம்.

துறைமுக நகரில் வாழும் நமக்கு மற்றொன்றும் உண்டு: மோதியது அரசாங்க வண்டியாகவோ படையினரின் வண்டியாகவோ இருந்தால்? அஞ்சி வாய் மூடியோர் பலரை நாமறிவோம். அரசுமீது இத்தகைய வழக்கிட முடியாதிருந்த நிலை 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தோடு நீங்கியது. சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் கழிந்த பின் வழக்கிடலாம். நட்டஈட்டு வழக்கு எதுவாயினும் காலவதியோ இரண்டே ஆண்டு. நமது கமக்காரர் மூன்று அலுவலகங்களில் அலைந்ததில் பதினேழு மாதம் போயிருந்தது. மீதி ஏழு மாதத்தில் கோரிக்கைக் கடிதம் பதிவுத் தபாலிற் போயிற்று, வழக்கும் பதிவாயிற்று.