பூதத்தைச் செய்தவன் எங்கே?

'ஃபிராங்கன்ஸ்டைன்' என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? தட்டையான தலை, கழுத்தில் போல்ட், தள்ளாடும் நடை. அதெல்லாம் 1931-ல் வந்த ஹாலிவுட் படத்தின் மேக்கப்! நாவலில் அது பூதத்தின் பெயரே இல்லை. அதைச் செய்த விக்டர் என்ற மாணவனின் குடும்பப் பெயர். ஆமாம், மாணவன்தான். எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கும் 18 வயசு. புத்தகம் 1818-ல் வெளிவந்தது.

அதில் பூதம் கண் திறந்ததும் விக்டர் பயந்து ஓடிப்போகிறான். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. அநாதையான பூதம் ஒளிந்திருந்து, ஒரு குடும்பம் பேசுவதைக் கேட்டே பாஷை கற்று, மில்டனைப் படித்து, கடைசியில் செய்தவனிடமே வந்து நியாயம் கேட்கிறது.

கார்ட்டூன்காரர்கள் கழற்றிப் போட்டது இந்த நியாயத்தைத்தான். 2012-ல் வந்த 'ஹோட்டல் டிரான்சில்வேனியா'வில் பூதம், டிராகுலாவின் தமாஷ் நண்பன். நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் செய்தவன் எங்கே? ஆளையே காணோம்!

அதே வருஷம் டிம் பர்ட்டன் எடுத்த 'ஃபிராங்கன்வீனி' வேறு ஜாதி. கறுப்பு வெள்ளைப் படம். பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு பிரேமாகப் படம்பிடித்தது. காரில் அடிபட்டுச் செத்த தன் நாயை, சிறுவன் விக்டர் மின்னலைக் கொண்டு எழுப்புகிறான். (எலக்ட்ரிகல் நண்பர்கள் தயவுசெய்து கணக்குப் போடவேண்டாம்.) இந்த விக்டர் ஓடவில்லை, கட்டிப்பிடித்துக் கொள்கிறான். சயின்ஸ் போட்டியில் ஜெயிக்க நினைத்து இன்னொரு பையன் எழுப்புகிற ஆமைதான் பூதாகரமாகி ஊரை மிதிக்கிறது. கிளைமாக்ஸில் நாயை மறுபடி பிழைக்க வைப்பது எது தெரியுமா? ஊர்க்காரர்களின் கார் பேட்டரிகள்! ஆட்டோமொபைல் பிரிவு கைதட்டலாம்.

எனக்கு ஒரே குறை. நாய் பேசாது. 'என்னை ஏன் செய்தாய்?' என்று அது கேட்கவே கேட்காது. பர்ட்டனுக்கு அது ரொம்ப சௌகரியமாகப் போய்விட்டது.

படம் பார்த்த மறுநாள் எங்கள் லேப் அலமாரியைத் திறந்தேன். வைவா முடிந்து மார்க்கும் வாங்கியாகிவிட்ட சீனியர்களின் ப்ராஜெக்டுகள், ஒயர் தொங்க, தூசி படிந்து கிடந்தன. கீழ்த்தட்டில் எங்களுடைய வாட்டர் லெவல் கன்ட்ரோலர். டெமோ அன்றைக்கு ஓடியது, அதோடு சரி. ரிலே போயிருக்கிறது என்று நினைக்கிறேன். சனிக்கிழமை கழற்றிப் பார்க்கப் போகிறோம். சால்டரிங் அயர்ன் வைத்திருப்பவர்கள் கொண்டு வாங்கப்பா!

— இறுதியாண்டு மின்னியல் மாணவன்