மௌனம் சம்மதமா?

பாழடைந்த பேட்டையைத் தனி வட்டாரமாக வகுத்து, நிலமதிப்பு உயர்வதால் அங்கே பெருகும் வரியை அதன் வீதிகளுக்கும் கட்டடங்களுக்குமே செலவிடும் ஏற்பாடு கலிபோர்னியாவில் 1952-ல் அனுமதிக்கப்பட்டது. கேட்க நன்றாய்த்தான் இருக்கிறது! ஆனால் அவ்வரியில் பள்ளிக்கூடங்களுக்கும் பங்குண்டு. அப்பங்கும் வட்டாரத்துக்கே போயிற்று. பள்ளிகளுக்கு நேர்ந்த குறையை மாகாணப் பொக்கிஷம் ஈடுசெய்ய வேண்டியதாயிற்று. இவ்வேலைக்கென்றிருந்த சுமார் 400 ஸ்தாபனங்களும் 2012-ல் கலைக்கப்பட்டன.

2014-ல் பிறந்த புதிய சட்டம் பள்ளிப் பங்கைத் தொடலாகாதென்றது; கடன் பத்திரம் வெளியிட நூற்றுக்கு 55 வோட்டு வேண்டுமென்றும் விதித்தது. இரண்டும் நியாயமான காவல்கள். இரண்டாவதை 2019-ல் எடுத்துவிட்டார்கள். திட்டத்தின்மேல் போதிய ஆட்சேபம் திரளாவிடில் மௌனமே சம்மதமாம்! பல்லாண்டு வரியைக் கட்டிப்போடும் கடனுக்கு இது போதாது. பறித்த வோட்டை ஜனங்களுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும்.