கடலுக்கு முதுகு காட்டும் ஊர்கள்

கிரேக்கத் தீவு என்றதும் எல்லோர் கண்ணிலும் ஒரே படம்தான் வருகிறது: வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், கீழே கடல். அது சாந்தோரினி. அந்தப் படத்துக்குள் தானும் ஒருமுறை நின்றுவிட வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் இங்கே இரண்டு இரவு, அங்கே இரண்டு இரவு என்று தீவு தீவாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிற குடும்பங்களைத் துறைமுகத்தில் பார்த்தபோது, இவர்கள் எப்போதுதான் உட்காருவார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது. ஓய்வுக்காகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரே ஒரு தீவு, ஒரு சின்ன வாடகைக் கார், ஒரு நாளைக்கு ஒரு சாலை. கடற்கரையில் பாதி நேரம், மலையில் பாதி நேரம்.

எங்கள் காரில் மூன்று தலைமுறை. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, படி ஏறினால் முழங்கால் வலிக்கும். மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த அலுப்பில் இருந்தாள். எனக்கும் கணவருக்கும் அலுவலக ஃபோன் அடிக்காமல் இருந்தாலே போதும். நாங்கள் தேர்ந்தெடுத்தது நாக்ஸோஸ். சைக்ளாடிஸ் தீவுக் கூட்டத்திலேயே பெரியது. பரப்பு சுமார் 430 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426. ஏறக்குறைய அதே அளவு மண்ணில் அங்கே வாழ்கிறவர்கள் 20,000 பேர் அளவுக்குத்தான். இதைச் சொன்னதும் அம்மா, "அப்போ வண்டி ஓட்டுறது நிம்மதியா இருக்கும்டி" என்றாள். அப்படியேதான் இருந்தது.

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் பெரிய கப்பலில் ஏறினால் ஐந்து, ஐந்தரை மணி நேரத்தில் நாக்ஸோஸ் வந்துவிடும். கரையை நெருங்கும்போதே ஒரு சிறு திட்டின் மேல் தன்னந்தனியாக நிற்கும் பளிங்கு நிலைவாசல் கண்ணில் படும். போர்த்தாரா என்கிறார்கள். கி.மு. 530 வாக்கில் லிக்தாமிஸ் என்ற ஆட்சியாளன் கட்டத் தொடங்கி, அவன் வீழ்ந்ததும் பாதியில் நின்றுபோன கோயில் அது. சுவரும் கூரையும் இல்லை, வாசல் மட்டும் சுமார் 6 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது. பயணிகள் எல்லோரும் சூரியன் மறைவதை அங்கிருந்துதான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் தீவு அந்த வாசலோடு முடிந்துவிடுவதில்லை.

காரைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம், கியர் வலது கையில். கிளம்பும் முன்பே நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுவைக்க வேண்டும், வாடகையும் கூடும். காப்பீட்டில் டயரும் வண்டியின் அடிப்பகுதியும் பெரும்பாலும் சேராது. மண் பாதையில் ஏற்பட்ட சேதத்துக்கும் பொதுவாகப் பணம் கிடைக்காது. கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். வண்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. மலை ஊர்களின் சந்துகள் கழுதை போய்வருவதற்காகப் போடப்பட்டவை. பெட்ரோல் பங்க்குகள் ஹோரா என்ற தலைநகரைச் சுற்றித்தான் அதிகம், ஆகவே மலைக்குப் புறப்படும் நாளில் காலையிலேயே டேங்க்கை நிரப்பிவிடுவது உத்தமம்.

ஹோராவை விட்டுக் கிழக்கே திரும்பிய பத்தாவது நிமிடத்தில் கடல் காணாமல் போய்விடுகிறது. முதலில் இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஒரு தீவில், பழைய ஊர்களெல்லாம் ஏன் கடலே தெரியாத மடிப்புகளில் ஒளிந்திருக்கின்றன? காரணம் கடற்கொள்ளை. பல நூற்றாண்டுகள் ஏஜியன் கடலில் கப்பல் தென்பட்டாலே கரையில் இருந்தவர்களுக்குக் குலை நடுங்கும். ஆளைப் பிடித்துக்கொண்டு போய் அடிமையாக விற்றார்கள். அதனால் வயல், கோயில், வீடு எல்லாம் உள்ளே போயின. இன்று நாம் தங்கும் விடுதிகள் நிற்கிற கடற்கரை மணல், அந்தக் காலத்தில் யாரும் குடியிருக்கத் துணியாத இடம். 1207 வாக்கில் மார்கோ சனூடோ என்ற வெனிஸ் பிரபு இந்தத் தீவைப் பிடித்துச் சுற்றியிருந்த தீவுகளையும் சேர்த்து ஆண்டான். அவன் வழிவந்த பிரபுக்களின் கல் கோபுர வீடுகளை உள்நாட்டுச் சாலைகளில் இப்போதும் பார்க்கலாம். சன்னல்கள் சின்னது, சுவர்கள் தடிமன், உச்சியில் மறைந்து நின்று காவல் பார்க்க மதில் பற்கள். மக்கள் பயத்தோடு வாழ்ந்த காலத்தை அந்தச் சுவர்களைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

சாங்ரி என்ற ஊருக்குத் தெற்கே, தானிய வயல்களுக்கு நடுவில் டெமெட்டரின் கோயில் இருக்கிறது. டெமெட்டர் தானியத்தின் தெய்வம். வயலில் இருப்பதுதானே பொருத்தம். இதுவும் கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிதான். முழுக்கப் பளிங்கு, கூரை ஓடு உட்பட. அந்த ஓடுகளின் வழியே வெளிச்சம் மெல்லக் கசிந்து உள்ளே இறங்கியிருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பளிங்கில் ஓடு செதுக்கும் கலையையே நாக்ஸோஸைச் சேர்ந்த பைசீஸ் என்பவன்தான் கண்டுபிடித்தான் என்று பழைய பயண எழுத்தாளர் பௌசானியாஸ் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் கிறிஸ்தவர்கள் இதைத் தேவாலயமாக மாற்றினார்கள். இப்போது கோயிலின் கற்களை மீட்டுப் பழைய இடங்களிலேயே பொருத்தி நிறுத்தியிருக்கிறார்கள். பழைய கல் சாம்பல் நிறத்தில், புதிதாகச் செதுக்கிச் சேர்த்தது வெள்ளையாக. எது பழையது, எது புதிது என்று மறைக்காமல் விட்டிருந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. அம்மா நிழலில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டு, "விளைச்சலுக்குன்னு ஒரு அம்மன் எல்லா ஊர்லயும் வேணும்தானே" என்றாள். எங்களைத் தவிர அங்கே ஒரு தம்பதி மட்டுமே இருந்தார்கள்.

அங்கிருந்து மேலே ஏறினால் திராகேயா பள்ளத்தாக்கு. கண்ணுக்கெட்டிய வரை ஆலிவ் மரம். தண்டு முறுக்கி, பொந்து விழுந்து, ஆனாலும் காய்த்துக்கொண்டிருக்கிற கிழட்டு மரங்கள். நடுநடுவே சுண்ணாம்பு சேர்க்காமல் கல்லோடு கல் அடுக்கிய வேலிகள், சின்னஞ்சிறு பைசாந்தியத் தேவாலயங்கள். மோனி அருகே உள்ள பனாயியா திரோசியானி தேவாலயத்தின் சுவரோவியங்களில் சில 7-ஆம் நூற்றாண்டு அளவுக்குப் பழையவை. உள்ளே இருட்டுக்குக் கண் பழகச் சற்று நேரம் பிடிக்கிறது. பிறகு ஒவ்வொரு முகமாகத் தெரியத் தொடங்குகிறது.

பள்ளத்தாக்கின் நடுவில் ஹல்கி. அங்கே வாலிந்திராஸ் குடும்பத்தின் வடிசாலை 1896 முதல் இயங்கிவருகிறது. செம்புக் கொப்பரைகளை வெளியாட்கள் பார்க்க விடுகிறார்கள். நம் நார்த்தங்காய்க்கு நெருங்கிய உறவான ஒரு மரத்தின் இலைகளிலிருந்து கித்ரோன் என்ற மதுவை வடிக்கிறார்கள். பழத்தை அதில் சேர்ப்பதில்லை. இலையைக் கசக்கி மகள் பாட்டியின் மூக்கருகே நீட்டினாள். அம்மாவுக்கு அந்த வாசனை போதுமாயிற்று. பக்கத்துக் கடையில் அதே பழத்தின் தடித்த தோலைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்துச் சின்னத் தட்டில், ஒரு கரண்டியோடு, ஒரு குவளைத் தண்ணீரும் சேர்த்துத் தந்தார்கள். கசப்பு முழுக்கப் போகாத இனிப்பு. ஊருக்கு வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்று அம்மா கேட்ட ஒரே பொருள் அதுதான்.

மலைச் சாலைகளில் அடிக்கடி ஒன்று தென்படும். வளைவின் ஓரத்தில், இடுப்புயரக் கம்பத்தின் மேல், தேவாலய வடிவில் ஒரு தகரப் பெட்டி அல்லது கல் மாடம். கண்ணாடிக் கதவுக்குள் ஒரு புனிதரின் படம், எண்ணெய் விளக்கு, பாதி தீர்ந்த எண்ணெய்ப் புட்டி, தீப்பெட்டி. சாலை விபத்தில் இறந்தவர் நினைவாக உறவினர்கள் வைப்பதும் உண்டு. விபத்திலிருந்து பிழைத்தவர்கள் நன்றிக்கடனாக வைப்பதும் உண்டு. இது தெரிந்த பிறகு எங்கள் வண்டியின் வேகம் தானாகவே குறைந்தது. அம்மா ஒவ்வொன்றையும் கடக்கும்போது கும்பிட்டுக்கொண்டாள். ஒரு வளைவில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தாள். திரி எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் வீடே இல்லாத இடத்தில் யாரோ அன்று காலை வந்து ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பஸ்ஸில் போயிருந்தால் இப்படி இறங்கிப் பார்த்திருக்க முடியாது. கார் எடுத்ததற்கு இந்த ஒன்றே போதும் என்பேன்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற பயம் சைவக் குடும்பங்களுக்கு வேண்டாம். கிரேக்கத் திருச்சபையில் விரத நாட்கள் அதிகம் என்பதால் இறைச்சியும் பாலும் சேராத சமையல் அங்கே நன்றாக வளர்ந்திருக்கிறது. நிஸ்தீசிமோ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். தக்காளிச் சாற்றில் அடுப்பில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட காட்டுக்கீரை, அரிசி அடைத்த குடைமிளகாய். நாக்ஸோஸ் உருளைக்கிழங்குக்குக் கிரேக்கம் முழுக்கப் பெயர் உண்டு. ஆலிவ் எண்ணெயில் பொரித்து அதைக் குவியலாக வைக்கிறார்கள். ஃபிலோட்டி என்ற ஊரின் சதுக்கத்தில் பெரிய பிளேன் மரத்தடியில் உட்கார்ந்தோம். எங்களை யாரும் எழுப்பவில்லை, பில்லைக் கேட்காமல் கொண்டுவரவும் இல்லை. மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை ஊரே படுத்துவிடுகிறது. நாமும் அதற்கு ஒத்துப்போவதுதான் முறை.

என் மனம் மிகவும் ஒட்டிக்கொண்ட ஊர் அபிராந்தோஸ். வண்டியை ஊரெல்லையில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். தெருவே பளிங்கு, தலைமுறை தலைமுறையாகக் கால் தேய்த்த பளபளப்பு. மானோலிஸ் கிளெசோஸ் 1922-இல் பிறந்த ஊர் இது. ஜெர்மானியர் ஏதென்ஸைப் பிடித்திருந்த 1941-இல், மே 30 இரவு, நண்பர் அப்போஸ்தோலோஸ் சாந்தாஸுடன் அக்ரோபோலிஸ் மேல் ஏறி நாஜிக் கொடியை இறக்கியவர். அப்போது அவருக்கு வயது 18. பல சிறைகளையும் மரண தண்டனைத் தீர்ப்புகளையும் கடந்து, 1980-களில் இதே ஊருக்குத் திரும்பி ஊர்த் தலைவராகி, முடிவுகளை ஊர்ச்சபையில் எல்லோரும் கூடி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2020-இல் மறைந்தார். மகள் இதைக் கேட்டுவிட்டு, "என்னைவிட இரண்டு மூணு வயசுதான் பெரியவரா இருந்திருக்காரா?" என்று நின்றுவிட்டாள்.

இந்த ஊர்க்காரர்களும் பக்கத்துக் கொரோனோஸ்காரர்களும் வாழ்ந்தது எமரியால். நம் ஹார்டுவேர் கடைகளில் கேட்டு வாங்குகிற எமரி பேப்பரின் எமரிதான். குருந்தமும் இரும்புக் கனிமமும் கலந்த கரிய பாறை, வைரத்துக்கு அடுத்த கடினம் குருந்தத்துக்கு. பழங்காலச் சிற்பிகள் பளிங்கை மெருகேற்றப் பயன்படுத்தியதும் இதே நாக்ஸோஸ் எமரிதான். வெட்டிய பாறையை மலையிலிருந்து கிழக்குக் கரைக்கு இறக்க 1920-களில் கம்பிவடப் பாதை அமைத்தார்கள். செயற்கைத் தேய்ப்புப் பொருட்கள் வந்தபின் தொழில் நலிந்தது. மூட்சூனா துறைக்கு இறங்கும் வளைவுகளில் இரும்புக் கோபுரங்களும் அவற்றில் தொங்கும் தொட்டிகளும் துருப்பிடித்து நிற்கின்றன. படகுத்துறையில் ஒரு பழைய பாரந்தூக்கியும் உண்டு. பளிங்குக் கோயிலைப் பார்க்க வருகிற கூட்டத்தில் கால்வாசிகூட இங்கே வருவதில்லை. சுரங்கத்தில் முதுகு வளைந்தவர்களின் இரும்பும் அந்தக் கோயிலுக்குச் சமமான நினைவுச்சின்னம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அரசு இதைத் துருவுக்கு விட்டுவிடக் கூடாது.

வடக்கு முனையில் அப்போலோனாஸ். ஊருக்கு மேலே பழைய கல்குவாரியில் 10 மீட்டருக்கும் அதிகமான நீளத்தில் ஒரு சிலை மல்லாந்து கிடக்கிறது. தாடி தெரிகிறது, கையும் காதும் தோராயமாக வெட்டப்பட்டிருக்கின்றன. மதுவின் தெய்வமான டயோனிசஸாக இருக்கலாம் என்கிறார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் கல்லில் கீறல் விழுந்ததால் சிற்பிகள் விட்டுப் போயிருக்கலாம். வேலியோ டிக்கெட்டோ கிடையாது. உளியின் கொத்துக் குழிகளை விரலால் தொட்டுப் பார்க்கிற அளவுக்கு அருகில் போகலாம். திரும்பும்போது மேற்குக் கரைச் சாலையைப் பிடித்தோம். வெகுதூரத்துக்கு எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை.

மாலைகள் கடலுக்கு. ஆயியா அன்னாவிலிருந்து பிளாகா வரை நீண்ட மணல். தண்ணீர் வெகுதூரம் ஆழமில்லாமல் போகிறது. மே கடைசியில் எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருந்ததால் எதற்கும் ஓட வேண்டியிருக்கவில்லை.

போக நினைப்பவர்கள் மே, ஜூன் அல்லது செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் வாடகையும் ஏறுவதோடு, மெல்தெமி என்ற வடகாற்று நாள்கணக்கில் வீசும். காற்று மிஞ்சினால் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். எந்த மாதமானாலும், ஏதென்ஸில் விமானம் பிடிக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாளே தீவிலிருந்து கப்பலேறிவிடுங்கள்.