முன்சக்கரம் சுற்றவில்லையே, தம்பி!

ஜீப்பின் சக்கரத்தைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் என்ன பேச்சு என்று நினைக்கிறீர்களா? போடிநாயக்கனூரில் விடியற்காலையில் எழுந்து தெருவுக்கு வந்து பாருங்கள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியும் கையுமாக ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். அந்த ஜீப்தான் அவர்களை மலையேற்றி, எல்லைக்கு அப்பால் இடுக்கி ஜில்லாத் தோட்டங்களில் விட்டுச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதன் சக்கரம் ஒழுங்காக இருக்கிறதா என்பது டிரைவருக்கு மட்டும் உள்ள கவலையா? வீட்டில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பவர்களுக்கும் உள்ள கவலை அல்லவா?

அப்படி ஒரு ஜீப்பில், ஓர் ஐப்பசி மாதம், நானும் தொற்றிக்கொண்டு போனேன். தார் ரோடு முடிந்து தோட்டத்து மண்பாதை தொடங்கும் இடத்தில் டிரைவர் தம்பி இறங்கினான். முன்சக்கரங்களின் நடுவில் ஒரு வட்டத் திருகு இருக்கிறதே, அதை இரண்டு பக்கமும் திருப்பி 'லாக்' என்ற எழுத்துக்கு நேராக வைத்துவிட்டு வந்தான். லீவரையும் நாலு சக்கரத்துக்குத் தள்ளினான். பாதி மேடு ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. பின்சக்கரம் ஒன்று சேற்றை வாரி இறைத்தது. வண்டி ஒரு கஜம் பின்னால் வழுக்கியது. இடது பக்கம் பள்ளம்! பெண்கள் எல்லோரும் குதித்து இறங்கிச் சக்கரங்களுக்கு அடியில் கல்லைப் போட்டார்கள்.

"நாலு வீலும் போட்டாச்சுண்ணே, ஏன் ஏறமாட்டேங்குதுன்னு தெரியலையே" என்றான் தம்பி.

ஓரமாக நின்ற வயதான ஓர் அக்கா, "முன்சக்கரம் சுத்தவே இல்லையே, தம்பி!" என்றாள்.

"உனக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. லாக் போட்டிருக்கேன்" என்று அவன் சிரித்தான். ஆனால் இன்னொரு முறை முயன்றபோது எட்டிப் பார்த்தான். சிரிப்பு மறைந்தது. அக்கா சொன்னதுதான் நிஜம்!

அது எப்படி நேர்ந்தது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய ராணுவ ஜீப்புகளில் இந்தத் திருகு கிடையாது. முன்சக்கரமும் அதற்குள் வரும் ஆக்ஸிலும் எப்போதும் சேர்ந்தே சுற்றின. யுத்தம் முடிந்து அந்த ஜீப்புகள் ஜனங்கள் கைக்கு வந்தன. நல்ல ரோட்டில் ஓடும்போதும் முன்பக்கத்து ஆக்ஸில், பல்சக்கரம், தண்டு எல்லாம் வீணாகச் சுற்றித் தேய்ந்தன. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாயிற்று. 1948-ல் அமெரிக்காவின் ஸியாட்டில் நகரில் ஆர்தர் வார்ன் என்பவர் இதற்கு ஒரு வழி செய்தார். சக்கரத்தையும் ஆக்ஸிலையும் தேவையானபோது சேர்க்கவும் பிரிக்கவும் கூடிய ஹப்பைச் செய்து விற்றார். நம் டிரைவர் தம்பி திருப்பிய திருகு அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

உள்ளே இருப்பது இவ்வளவுதான்: சக்கரத்தோடு சேர்ந்த ஒரு பல்வளையம், ஆக்ஸில் நுனியில் ஒரு பல்வளையம், இரண்டையும் பிணைக்க நகர்ந்து வரும் மூன்றாவது வளையம் ஒன்று. திருகைத் திருப்பினால் ஒரு ஸ்பிரிங் அந்த மூன்றாவது வளையத்தைத் தள்ளுகிறது. பல்லோடு பல் கோத்துக்கொண்டால் பூட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். கோக்காவிட்டால்? வெளியே முள் 'லாக்' என்றுதான் காட்டும். உள்ளே ஒன்றும் நடந்திராது. அன்றைக்கு இடது சக்கரத்தில் நடந்தது இதுதான்.

'போகட்டும், வலது சக்கரமாவது இழுத்திருக்கலாமே!' என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. எஞ்சின் கொடுக்கும் பலத்தை இரு பக்கமும் பங்கிடும் டிபரன்ஷியல், எந்தப் பக்கம் தடை இல்லையோ அந்தப் பக்கத்தைச் சுற்றிவிட்டு இருந்துவிடும். பூட்டு விழாத இடது ஆக்ஸில் உள்ளுக்குள் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்க, வலது சக்கரமும் சும்மா நின்றது. ஆக, ஒரு பக்கம் கெட்டால் இரண்டு பக்கமும் கெட்டது போலத்தான். தம்பதிகளில் ஒருவர் மட்டும் குடும்பத்தை இழுப்பதாவது உண்டு. முன்சக்கரங்களில் அதுவும் கிடையாது!

பிறகு எப்படி ஏறினோம் என்று கேட்கிறீர்களா? ஆட்களை ஏற்றாமல் வண்டியை மெதுவாகச் சமதளம்வரை பின்னுக்குக் கொண்டுவந்தோம். லீவரை இரண்டு சக்கரத்துக்கு மாற்றி, இடது திருகை 'ஃப்ரீ'க்குக் கொண்டுபோய்த் திரும்பவும் 'லாக்'கில் வைத்து, வண்டியைக் கையால் அரை அடி முன்னும் பின்னும் தள்ளினோம். நாலாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம். பல் விழுந்துவிட்டது. அதன்பின் வண்டி ஆடு மாதிரி ஏறிற்று.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரி அந்த ஹப்பைத் திறந்தார். உள்ளே கெட்டிக் கிரீஸை அப்பி வைத்திருந்தார்கள். அதில் தண்ணீரும் மண்ணும் சேர்ந்து களிபோல் இறுகியிருந்தது. பாவம், அந்தச் சின்ன ஸ்பிரிங் என்ன செய்யும்? "பேரிங்குக்குக் கிரீஸ் நிறைய வேணும். இதுக்குப் பூசினாப் போதும். ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுத்தான் எல்லாரும் கெடுக்கிறாங்க" என்றார்.

அவரிடம் கேட்டறிந்ததையும் பின்னால் நானே செய்து பார்த்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

திருகு அசையவே மாட்டேன் என்கிறதா? குறடு போட்டு முறுக்காதீர்கள். திருகு உடைந்து கையோடு வந்துவிடும். வண்டியைச் சற்று உருட்டிவிட்டுக் கையாலேயே திருப்புங்கள். அப்போதும் அசையாவிட்டால் உள்ளே துருவோ மண்ணோ இருக்கிறது. திறந்து சுத்தம் செய்வதுதான் வழி.

பூட்டு விழுந்தது, திரும்ப விடுபடவில்லையா? காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கரத்தில் ஓட்டியிருப்பீர்கள். வளைவில் முன்சக்கரம் போகும் தூரம் வேறு, பின்சக்கரம் போகும் தூரம் வேறு. மண்ணில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் வழுக்காது. முறுக்கு ஏறிப் பல் இறுகிவிடும். லீவரை இரண்டு சக்கரத்துக்கு மாற்றி, நேராகப் பத்தடி பின்னுக்கு எடுங்கள். பிறகு திருகு சொன்னபடி கேட்கும்.

ஓடும்போது முன்னால் 'கடகட' என்று சத்தமா? பல் அரைகுறையாகக் கோத்திருக்கலாம், தேய்ந்திருக்கலாம், ஹப்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தளர்ந்திருக்கலாம். எதுவானாலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இனி, சோதிக்கும் முறை. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துக் கை பிரேக்கும் போடுங்கள். லீவர் இரண்டு சக்கரத்தில் இருக்கட்டும். வலது திருகைப் பூட்டிவிட்டு, இடது முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் தலையை நீட்டக் கூடாது. இடது திருகை 'ஃப்ரீ'யில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன்பக்கம் போகும் நீளத் தண்டு சுற்றக் கூடாது. 'லாக்'கில் வைத்துச் சுற்றுங்கள். இப்போது சுற்ற வேண்டும். வீட்டுப் பையனைத் தள்ளி நின்று தண்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் அவனுக்கும் ஒரு பாடமாயிற்று. பிறகு பக்கத்தை மாற்றி அதே பரீட்சை.

பரீட்சையில் தேறாவிட்டால் திறக்க வேண்டியதுதான். மூடியைக் கழற்றும்போது வெளிவரும் ஒவ்வொரு பாகத்தையும் வந்த வரிசையிலேயே பழைய நியூஸ் பேப்பரில் அடுக்குங்கள். மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுக் கழுவி, நன்றாக உலர விடுங்கள். பல்லின் முனை மழுங்கியிருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் சிக்கனம் பார்க்காமல் மாற்றுங்கள். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிதாகப் போடுங்கள். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். கிரீஸ் பால்போல் வெளுத்திருந்தால் பேரிங்வரை தண்ணீர் போயிருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். வண்டிக் கையேட்டில் சொன்ன கிரீஸை மெல்லிசாகப் பூசி, போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். கடைசியில் மீண்டும் அந்த ஜாக்கிப் பரீட்சை.

மாதம் ஒரு முறையாவது மண்பாதையில் பூட்டைப் போட்டுச் சில கிலோமீட்டர் ஓட்டுங்கள். சும்மா கிடந்தால் உள்ளே எண்ணெய் பரவாது. மலையடிவாரத்திலேயே இரண்டு திருகையும் பூட்டிவிட்டு, லீவரை மட்டும் தேவையான இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை.

இன்றைய புதிய வண்டிகள் பலவற்றில் இந்தத் திருகு கிடையாது. ஆனால் மலையில் ஓடும் பழைய ஜீப்புகளில் இன்னும் இருக்கிறது. இதில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய விஷயம். சின்ன கியரில் இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பூட்டு சரியாக இருந்தால் நாலு சக்கரமும் அந்தப் பிடியில் இருக்கும். இல்லாவிட்டால் பின்சக்கரங்கள் மட்டுமே. ஈரச் சரிவில், ஆட்கள் நிறைந்த வண்டியில், அது எவ்வளவு வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை. ஏறும்போது வண்டி நின்றது எங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் சாயங்காலம் அந்தப் பொய்ப் பூட்டை நம்பித்தான் இறங்கியிருப்போம்.

அதற்குப் பிறகு அந்தத் தம்பி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். மேடு தொடங்குமுன் சேற்று இடம் பார்த்து, வண்டியை ஓர் அடி நகர்த்தி, "அக்கா, முன்சக்கரம் சுத்துதா?" என்று கேட்பான். பின்சக்கரம் வழுக்கும்போது முன்சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறதா என்று அவள் இறங்கி நின்று பார்ப்பாள்.

"சுத்துது தம்பி, போ" என்று அக்கா சொன்ன பிறகுதான் வண்டி ஏறும்.