மாளிகைக்குக் கணக்கு எங்கே?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றிப் பெருமை பேசாத மேடை இன்று நாட்டில் இல்லை. பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளில், வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவனும் அவனுடைய உறவின் முறையாரும் மறுபடி குடவோலைக்கு நிற்கலாகாது என்று விதித்திருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் அந்தச் சபையில் உட்காரக் காணி நிலமும் வேத ஞானமும் வேண்டும் என்றும் அதே கல் சொல்லுகிறது. உழுதவனுக்கு அங்கே ஓலையும் இல்லை, குடமும் இல்லை. ஆகவே, அந்தக் கல்லைக் கும்பிடச் சொல்ல நாம் வரவில்லை. அதிலுள்ள கணக்கு விதி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்கிறோம்: கவர்னர் மாளிகைக்கு யார் கணக்குக் கேட்பது?

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. தென்னாட்டில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்குக் குறையார் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பட்டினி கிடந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று, இந்திய சர்க்கார் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் 1877-இல் கணக்குப் போட்டார். அந்த எலும்புக்கூடுகள் மண் சுமந்து வெட்டிய கால்வாய்க்குக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைக்கப்பட்டது. அதே பிரபுவின் ஆட்சியில்தான் உதகமண்டலத்தில் கவர்னருக்குக் கோடை மாளிகையும் எழும்பிற்று. ஏழையின் வயிற்றுக்கு இராத்தல் கணக்கு. பிரபுவின் குளிர்ச்சிக்கு மலையுச்சியில் மாளிகை!

இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று சிலர் சமாதானம் சொல்லலாம். 1935-ஆம் வருஷத்துச் சட்டம் சென்னைக் கவர்னருக்கு வருஷத்துக்கு 1,20,000 ரூபாய் சம்பளம் வைத்தது. அவர் செலவைப் பற்றிச் சட்டசபை ஓட்டுப் போடவும் கூடாது, விவாதிக்கவும் கூடாது என்றது. 1950-இல் வந்த நமது அரசியல் சட்டமோ விவாதிக்கலாம், ஆனால் ஓட்டுப் போடக் கூடாது என்கிறது. வெள்ளைக்காரன் வாயையும் கையையும் சேர்த்துக் கட்டினான். நம்மவர்கள் வாயை மட்டும் அவிழ்த்துவிட்டார்கள். வாடகையில்லாத மாளிகையும் அப்படியே நிலைத்தது. 2018-இல் கவர்னர் சம்பளம் மாதம் 1,10,000 ரூபாயிலிருந்து 3,50,000 ரூபாயாக உயர்ந்தது.

பக்கத்திலுள்ள புதுச்சேரியைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் விலகிற்று. ஆனால் பிரெஞ்சு கவர்னரின் மாளிகைதான் பிறகு துணை நிலை ஆளுநரின் மாளிகையாயிற்று. 1963-ஆம் வருஷத்துச் சட்டப்படி அங்கும் அவர் செலவு ஓட்டுக்கு வராது. மாநிலம் என்ற பெயர்கூட இல்லாத சிறு பிரதேசம். மாளிகைக்கு மட்டும் குறைவில்லை.

கட்சிக்காரர்கள் கவர்னரின் சம்பளத்தைப் பிடித்துவைத்து மிரட்டாதிருக்கவே இந்தப் பாதுகாப்பு என்று சட்டம் படித்தவர்கள் சொல்லுகிறார்கள். சம்பளத்தைப் பற்றி அப்படிச் சொல்லட்டும், ஒப்புக்கொள்ளுவோம். ஆனால் ஜமக்காளமும், தோட்டமும், விருந்தும், மலை மாளிகையும் எந்தச் சுதந்திரத்தைக் காக்கின்றன? மொத்த வரவு செலவில் இது சொற்பம் என்பதும் பதிலாகாது. சொற்பமானால் கணக்கைக் காட்ட ஏன் கஷ்டம்?

உத்திரமேரூர்ச் சந்தையில் சோப்பு வாங்கும் கூலிக்காரியும் வரி கொடுத்துத்தான் வாங்குகிறாள். அவள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் கிராம சபையில் எழுந்து நின்று கணக்குப் படிக்க வேண்டியிருக்கிறது. பஞ்சாயத்துத் தலைவருக்கு ஒரு நியாயம், மாளிகைவாசிக்கு ஒரு நியாயமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். சம்பளம் போக, மாளிகைச் செலவு முழுவதும் சட்டசபையின் ஓட்டுக்கு வரவேண்டும். அதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் திருத்தட்டும். அதுவரையில், வருஷந்தோறும் அந்தக் கணக்கைத் தமிழில் அச்சிட்டு, தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டட்டும். வரி கொடுக்கிறவன் படிக்கக் கூடாத கணக்கு, கணக்கே அல்ல.